கேப்டனைப் படுக்கச் சொல்லக்கூடியவர்: அனிமேயில் கப்பல் மருத்துவர்

ஜப்பானிய அசைபடமான அனிமேயில் கப்பல் கதை என்றால், அது கடலில் போனாலும் சரி, நட்சத்திரங்களுக்கு நடுவே போனாலும் சரி, ஆட்கள் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. அதிகம் பேசாத ஒரு கேப்டன், சட்டென்று கோபம் வரும் ஓர் இளைஞன், திசை பார்ப்பவர், இயந்திர அறையை விட்டு வெளியே வராத ஒருவர், சமையல்காரர், கடைசியில் ஒரு மருத்துவர். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த மருத்துவரைச் சிரிப்புக்கு வைத்த ஆள் என்று எண்ணிக் கடந்துவிடுவார்கள். தோற்றமும் அதற்கேற்றபடிதான் இருக்கும்: வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, கையில் மது பாட்டில், அல்லது நீல மூக்குடன் ஒரு கலைமான் குட்டி. அனிமேக்குப் புதியவர்களுக்காக, இந்தத் துணைப் பாத்திரம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

துணைப் பாத்திரம் என்பவர் கதையை இழுத்துச் செல்பவர் இல்லை. எங்கே போவது, யாரோடு மோதுவது என்பதையெல்லாம் நாயகனும் கேப்டனும் முடிவு செய்வார்கள். யாராவது அடிபட்ட பிறகே மருத்துவர் மேடைக்கு வருகிறார். ஆனால் கப்பல் என்ற இடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கரையில் ஒரு மருத்துவமனை பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்றுக்குப் போகலாம். கப்பலில் இருப்பது ஒரே மருத்துவர். அவரிடம் போகாமலும் இருக்க முடியாது, அவரிடமிருந்து ஒளியவும் முடியாது. கப்பலில் கேப்டன் சொல்வதே சட்டம். அந்தக் கேப்டனைப் பார்த்து "நீங்கள் இன்றைக்குப் பணி செய்யக் கூடாது, படுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருக்கிறது. கதாசிரியர்கள் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இதற்கு மூல உதாரணம் என்று நான் நினைப்பது 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடரின் டாக்டர் சாடோ.

ஜப்பானில் 1974 அக்டோபரில் தொடங்கி 1975 மார்ச்சில் முடிந்த தொடர் இது. தயாரிப்பாளர் யோஷினோபு நிஷிசாகி. இயக்கத்திலும் வடிவமைப்பிலும் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர் லெய்ஜி மாட்சுமோட்டோவின் கை. முதலில் 39 எபிசோடுகள் திட்டமிட்டிருந்தார்கள். பார்வையாளர்கள் குறைவாக இருந்ததால் 26 எபிசோடுகளோடு சுருக்கிவிட்டார்கள். புகழ் வந்தது மறுஒளிபரப்புக்கும் 1977இல் வந்த தொகுப்புத் திரைப்படத்துக்கும் பிறகுதான்.

கதை 2199இல் நடக்கிறது. காமிலாஸ் என்ற வேற்றுக் கிரகத்தார் வீசிய குண்டுகளால் பூமியின் மேற்பரப்பு கதிர்வீச்சில் வெந்துவிட்டது. கடல்கள் வற்றிவிட்டன. மக்கள் நிலத்தடி நகரங்களில் ஒடுங்கியிருக்கிறார்கள், கதிர்வீச்சு அங்கேயும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருப்பது ஓராண்டு. கதிர்வீச்சை நீக்கும் கருவியைத் தருகிறேன் என்று 1,48,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள இஸ்காண்டார் கிரகத்திலிருந்து செய்தி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய யமாட்டோ போர்க்கப்பலின் உடலுக்குள் புதிய விண்கலம் கட்டி, அதில் ஏறிப் புறப்படுகிறார்கள். போய்த் திரும்ப ஓராண்டுதான் கெடு.

இந்தக் கப்பலின் கேப்டன் ஜூசோ ஒகிடா. வெண்தாடி, தொப்பி, இரும்புபோன்ற மௌனம். அவருக்குக் கதிர்வீச்சு நோய். பூமிக்கு ஓராண்டுக் கெடு. அந்தப் பூமியைக் காப்பாற்றப் போகும் கேப்டனின் உடலுக்கு வேறொரு கெடு. முதல் கெடு எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் இன்னும் எத்தனை நாள் என்று திரையில் எழுத்திலேயே வரும். இரண்டாவது கெடு தெரிந்தவர் டாக்டர் சாடோ.

இப்போது சாடோவின் குடியைப் பாருங்கள். அவர் குடிப்பது சாகே என்ற ஜப்பானிய அரிசி மது. ஜப்பானில் கடைகளில் விற்கும் 1.8 லிட்டர் பெரிய பாட்டிலைத் தரையில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் மீகுன் என்ற பூனை. கப்பல் குலுங்கினால் பாட்டிலைத்தான் முதலில் பிடிப்பார். சிரிப்பு வரும், வர வேண்டும் என்றே அமைத்திருக்கிறார்கள். ஆனால் கப்பலில் எல்லோரும் நம்பிக்கையோடு இருக்க, கேப்டன் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை மனதுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிற மனிதர் அவர். அதை ஒருமுறை புரிந்துகொண்டு திரும்பப் பார்த்தால் அந்தக் குடி வேறு மாதிரி தெரியும். தொடர் இதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதற்காகவே எனக்கு அந்தத் தொடர்மேல் மரியாதை.

அமெரிக்காவில் 1979இல் இதே தொடர் 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தபோது சாடோ, 'டாக்டர் சேன்' ஆனார். குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் மருத்துவர் குடிக்கலாமா என்ற கவலையில் சாகேயை ஊற்றுநீர் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் படத்தில் வரைந்த சிவந்த கன்னத்தை மாற்ற முடியுமா? ஊற்றுநீரைக் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு மருத்துவரை அமெரிக்கச் சிறுவர்கள் பார்த்து வளர்ந்தார்கள். குடியை எடுத்ததும் பாத்திரத்தில் மிஞ்சியது கோமாளித்தனம் மட்டுமே.

மருத்துவருக்கு உதவியாக இருப்பவர் யூகி மோரி. 1974 தொடரில் இவர் செவிலியர். ராடார் பார்ப்பவரும் இவர்தான். கப்பலின் அன்றாட வாழ்க்கை வசதிகளும் இவர் பொறுப்பு. முக்கியமான பெண் பாத்திரம் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு எல்லா வேலைகளையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். 2012-13இல் வந்த மறு ஆக்கமான 'யமாட்டோ 2199' இதைச் சரிசெய்தது: யூகிக்கு மேல்தளத்தில் அதிகாரிப் பொறுப்பு, மருத்துவ அறைக்கு ஹராடா என்ற தனிச் செவிலியர். அதில் சாடோவை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஆனால் அதற்கு முன் நடிகர்களை வைத்து 2010இல் எடுத்த திரைப்படத்தில் சாடோ பெண்ணாகவே வருகிறார். நடித்தவர் ரெய்கோ தகாஷிமா.

மாட்சுமோட்டோ இந்த அச்சை இன்னொரு முறையும் பயன்படுத்தினார். 1978இல் தொடங்கிய 'விண்வெளிக் கடற்கொள்ளையர் கேப்டன் ஹார்லாக்' தொடரில் ஆர்க்கேடியா கப்பலின் மருத்துவர் டாக்டர் ஜீரோ. அவரும் குடிப்பார், அவரிடமும் ஒரு பூனை, அதன் பெயரும் மீகுன். மாட்சுமோட்டோ வீட்டில் வளர்த்த பூனையின் பெயர் அது.

உண்மைக் கப்பல்களில் என்ன நடந்தது?

அனிமேக்குள் மேலும் போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு பார்த்துவிட்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகளைக் கொன்றதில் பீரங்கியைவிட நோய்க்கே பங்கு அதிகம். அதில் பெரியது ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். 1747இல் 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், நோய் கண்ட 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல்நீர், இப்படி. ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சில நாட்களிலேயே எழுந்துவிட்டார்கள். இது தெரிந்த பிறகும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க 1795 ஆனது. நிர்வாகம் என்றால் நிர்வாகம்தான்.

ஜப்பானுக்கு இதேபோன்ற கதை ஒன்று உண்டு, நோய் மட்டும் வேறு: பெரிபெரி. கால் மரத்துப்போய், வீங்கி, கடைசியில் இதயம் நிற்கும். 1882-83இல் 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் போனது. அதில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்தது, 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ சாப்பாட்டில்தான் கோளாறு என்று சந்தேகித்தார். மாலுமிகள் பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றையே உண்டார்கள். 1884இல் 'சுகுபா' என்ற இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்து, இறைச்சி, பால், ரொட்டி என்று உணவை மாற்றிக் கொடுத்தார். பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. புரதம் குறைவதுதான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு. தவிட்டோடு போய்விடும் பி1 வைட்டமின்தான் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது. காரணம் தவறானாலும் மருந்து சரியாகிவிட்டது.

இந்த இரண்டு கதைகளிலும் மருத்துவர் கை வைத்தது சமையலறையில். கப்பலில் மருத்துவமும் உணவும் ஒரே கயிற்றின் இரு முனைகள். அனிமேயில் இதை மிக அழகாகப் பிடித்தது 'ஒன் பீஸ்'.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கப்பல்களிலும் மருத்துவர் இருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு, மூன்று நாட்களுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பல்களில்தான் தகுதி பெற்ற மருத்துவர் கட்டாயம். சரக்குக் கப்பல்களில் இருபது சொச்சம் பேர்தான் இருப்பார்கள். முதலுதவிப் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி, மருந்துப் பெட்டி, கரையிலுள்ள மருத்துவரிடம் தொலைத்தொடர்பில் ஆலோசனை, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பார்த்தால், பத்துப் பேர் மட்டுமே உள்ள, 'ஒன் பீஸ்' நாயகன் லுஃபியின் கொள்ளையர் கப்பலில் முழுநேர மருத்துவர் இருப்பது பெரிய ஆடம்பரம்.

ஒன் பீஸ்: மருத்துவர் இல்லாத கப்பல்

எய்ச்சிரோ ஓடாவின் மாங்கா 1997இல் தொடங்கியது. அனிமே 1999 அக்டோபரில் வந்தது. லுஃபி என்ற ரப்பர் உடல் இளைஞன் கொள்ளையர் அரசன் ஆகக் கிளம்புகிறான், வழியில் ஒவ்வொருவராகக் கப்பலுக்கு ஆள் சேர்க்கிறான். ஒரு பதவி காலியாக இருந்தால் என்ன கெடும் என்று முதலில் காட்டிவிட்டு, பிறகு அந்த ஆளைக் கொண்டுவருவது ஓடாவின் வழக்கம்.

தொடக்கத்திலேயே யோசாகு என்ற வேட்டைக்காரன் ரத்தம் கக்கிக்கொண்டு சாகக் கிடப்பான். கூட்டாளி ஜானி கண்ணீரோடு நிற்பான். லுஃபியின் கப்பலில் திசை பார்க்கும் நாமி எட்டிப் பார்த்துவிட்டு, இது ஸ்கர்வி, எலுமிச்சைச் சாறு கொடுங்கள் என்கிறாள். குடித்ததும் நோயாளி எழுந்து ஆடுகிறான். அது நகைச்சுவை, அப்படி உடனே குணமாகாது. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைக் கவனியுங்கள்: நமக்கு ஒரு சமையல்காரர் வேண்டும். லிண்ட் கண்டுபிடித்த விஷயத்தை ஒரு சிரிப்புக் காட்சியில் வைத்து, சாஞ்சி என்ற பாத்திரத்துக்குக் கதவு திறந்துவிட்டார்கள்.

மருத்துவர் இல்லாத குறை பின்னால், டிரம் தீவுப் பகுதியில் வெடிக்கிறது. நாமிக்குக் காய்ச்சல், 40 டிகிரி. அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட ஒரு பூச்சியின் கடியால் வந்தது, ஐந்து நாளில் உயிரை எடுத்துவிடும். கப்பலில் இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. லுஃபியும் சாஞ்சியும் வாழ்நாளில் நோயே கண்டதில்லை. இறைச்சி சாப்பிட்டால் சரியாகிவிடாதா என்று லுஃபி கேட்கிறான். திசை பார்ப்பவளே படுத்துவிட்டதால் கப்பலுக்கும் வழி தெரியாது. கூடவே இளவரசி விவி இருக்கிறாள். அவளுடைய நாட்டில் உள்நாட்டுப் போர் மூளும் நிலை; ஒரு நாள் தாமதமானாலும் ஆயிரக்கணக்கானோர் சாகலாம். அந்தச் செய்தி வந்த நாளிதழை விவி கண்ணில் படாமல் மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தவள் நாமிதான், காய்ச்சலோடே. அதைப் படித்துவிட்டு விவி சிறிது நேரம் வெளியே நிற்கிறாள். பிறகு எல்லோர் முன்னாலும் வந்து, என் நாட்டுக்கு எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போக வேண்டும், ஆகவே முதலில் மருத்துவரைத் தேடுவோம், இந்தக் கப்பலின் உச்ச வேகம் அதுதானே என்கிறாள்.

கப்பல் மருத்துவர் எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. பயணத்தின் வேகம் பாயில் இல்லை, பாயைக் கட்டுபவரின் உடம்பில் இருக்கிறது.

டிரம் தீவில் ஓடா ஓர் அரசியலையும் வைத்திருக்கிறார். அரசன் வாபோல் நாட்டின் சிறந்த 20 மருத்துவர்களைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றவர்களை விரட்டிவிட்டான். மக்களுக்கு நோய் வந்தால் அவன் காலில் விழ வேண்டும். அந்தத் தீவில்தான் டோனி டோனி சாப்பர் இருக்கிறான். மனிதனாக்கும் பழத்தைத் தின்றுவிட்ட கலைமான். மந்தையும் சேர்க்கவில்லை, மனிதரும் சேர்க்கவில்லை. அவனை எடுத்து வளர்த்த ஹிரிலுக், மனம் நிறைய அன்பும் கை நிறைய அரைகுறை வைத்தியமும் கொண்டவர். மண்டையோட்டுக் கொடி எதையும் வெல்லும் உறுதியின் அடையாளம் என்று அவர் சொன்னதை நம்பி, புத்தகத்தில் மண்டையோடு போட்டிருந்த காளானைத் தேடி அலைந்து சாப்பர் சூப் வைத்துக் கொடுக்கிறான். புத்தகத்தில் அந்தக் குறிக்கு அர்த்தம் விஷம். தெரிந்தே ஹிரிலுக் அதைக் குடிக்கிறார், ருசியாக இருக்கிறது என்கிறார். சாப்பருக்கு உண்மையைச் சொல்பவர் குரேஹா என்ற முதிய மருத்துவர்: அன்பு மட்டும் உயிரைக் காப்பாற்றாது, அறிவு வேண்டும். அன்றே அவன் அவரிடம் மருத்துவம் கற்கத் தொடங்குகிறான்.

சாப்பரை வைத்துச் செய்யும் நகைச்சுவை ஒன்று தொடர் முழுவதும் வரும். யாருக்காவது அடிபட்டால், "மருத்துவர்! யாராவது மருத்துவரைக் கூப்பிடுங்கள்!" என்று அலறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவான். பிறகு சட்டென்று நிற்பான்: மருத்துவர் நான்தானே. சாடோவின் பாட்டிலுக்கு இங்கே இதுதான் மாற்று. நோய், ரத்தம், மரணம் இவற்றோடு நெருங்கிய ஒரு பாத்திரத்தைச் சிரிப்பில்லாமல் வாராவாரம் வீட்டுக்குள் விட்டால் பார்வையாளர் ஓடிவிடுவார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். லுஃபி எவ்வளவு அடிபட்டாலும் இறைச்சியைத் தின்று தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறான். கட்டுப் போடுவதைத் தவிர மருத்துவருக்கு வேலையே இல்லாமல் போகும் இடங்கள் நிறைய. காயம் எதுவும் மிஞ்சாத கதையில் மருத்துவர் வெறும் அலங்காரம். டிரம் தீவுக் கதை இன்றும் மனதில் நிற்பதற்குக் காரணம், அங்கே இறைச்சி வேலை செய்யவில்லை என்பதுதான்.

சாடோவுக்கு ஒன் பீஸில் உண்மையான வாரிசு சாப்பர் இல்லை, குரோக்கஸ். கலங்கரை விளக்கக் காவலராக வரும் இந்தக் கிழவர், லபூன் என்ற ராட்சதத் திமிங்கலத்தின் வயிற்றுக்குள் புகுந்து அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு சில ஆண்டுகள் கப்பல் மருத்துவராக இருந்தேன் என்று போகிறபோக்கில் சொல்வார். லுஃபி உடனே எங்கள் கப்பலுக்கு வாருங்கள் என்பான்; உங்களைப் போன்ற இளைஞர்களோடு அலைய எனக்குத் தெம்பில்லை என்று மறுத்துவிடுவார். அவ்வளவுதான், கதை நகர்ந்துவிடும். முந்நூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் கழித்துத்தான் அது எந்தக் கப்பல் என்று தெரியவரும். கொள்ளையர் அரசன் ரோஜருக்குத் தீராத நோய்; அவருடைய வலியைத் தணிக்கக்கூடிய மருத்துவராக மூன்று ஆண்டுகள் உடனிருந்து, கடைசிப் பயணத்தை முடிக்க வைத்தவர் குரோக்கஸ். தீராத நோயுடன் ஒரு கேப்டன், உலகமே பேசும் ஒரு பயணம், கேப்டனின் உடம்பைப் பயணம் முடியும்வரை தாக்குப்பிடிக்க வைக்கும் ஒரு மருத்துவர்: யமாட்டோவில் பார்த்த அதே அமைப்பு.

யமாட்டோவின் கடைசி எபிசோடில் பூமி கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது, செந்நிறமாக, வறண்டு. கேப்டன் ஒகிடா படுக்கையிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். சிறிது நேரம் தன்னைத் தனியாக விடும்படி சாடோவிடம் கேட்கிறார். மருத்துவர் வெளியேறுகிறார். ஒகிடா பூமியைப் பார்த்தபடியே கண் மூடுகிறார். திரும்பி வந்த சாடோ, கண்ணீர் வழிய நிமிர்ந்து நின்று சல்யூட் வைக்கிறார். அந்த எபிசோடிலேயே, இறந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த யூகி கண் விழித்துவிட, மற்றவர்கள் மகிழ்ச்சியில் திளைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேப்டன் இல்லை என்பது அந்தக் கணத்தில் தெரிந்தவர், பயணம் முழுக்க இருந்தது போலவே, மருத்துவர் ஒருவர்தான்.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு இருக்கிறது. யமாட்டோ பெரும் வெற்றி பெற்றதும் அடுத்தடுத்துத் தொடர்களும் படங்களும் வந்தன. 1983 மார்ச்சில் வெளியான 'இறுதி யமாட்டோ' படத்துக்கு ஒகிடா மீண்டும் தேவைப்பட்டார். ஜப்பான் முழுக்க அழுது அனுப்பி வைத்த மனிதரை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? ஆவியாகவா, கனவிலா? கதாசிரியர்கள் நேராக மருத்துவரிடம் போனார்கள். அன்று மூளை சாகவில்லை, இறந்துவிட்டார் என்று நான் சொன்னது தவறான கணிப்பு என்று சாடோ ஒப்புக்கொண்டார். கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குத் திரும்பினார். ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சாடோவைக் கிண்டல் செய்கிறார்கள்.